டெம்பி, இரவு 9.58: கையில் இருந்த 5.6 நொடி

2018 மார்ச் 18, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பி என்ற ஊர். இரவு 9.58 மணிக்கு, மில் அவென்யூ என்ற அகலமான சாலையின் குறுக்கே 49 வயதுப் பெண் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். சைக்கிளில் பைகள் தொங்கின. தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஒரு வால்வோ எக்ஸ்சி90 வந்தது. ஊபர் நிறுவனம் தானோட்டித் தொழில்நுட்பத்தைச் சோதிக்க வைத்திருந்த வண்டி. ஓட்டுநர் இருக்கையில் ஆள் இருந்தார், ஆனால் ஓட்டியது கம்ப்யூட்டர். மணிக்குச் சுமார் 63 கி.மீ. வேகத்தில் வண்டியின் முன்பக்க வலது பகுதி அவர்மீது மோதியது. அவர் இறந்துபோனார். தானோட்டி வாகனம் மோதி நடந்துபோனவர் ஒருவர் இறந்தது உலகில் அதுவே முதல்முறை.

இதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எந்திரத்துக்கு அறம் உண்டா, குற்றவாளி யார், சட்டம் என்ன சொல்கிறது என்று. அதற்குள் நான் அதிகம் போகவில்லை. சாலையில் நகரும் இரண்டு பேருக்கு இடையே மோதும் ஆபத்து எவ்வளவு என்பதை எப்படி அளப்பது என்ற ஒரே கேள்விக்காகத்தான் இந்த நிகழ்வைத் திரும்பத் திரும்பப் படித்தேன். காரணம் எளிது. சாதாரண விபத்தில் நமக்குக் கிடைப்பது டயர் தேய்ந்த தடம், நசுங்கிய பானெட், ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் சாட்சிகள், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு சிசிடிவி. மோதுவதற்கு 3 நொடி முன்பு ஓட்டுநர் என்ன நினைத்தார் என்பது யாருக்கும் தெரியாது. டெம்பியில் தெரியும். அந்த வண்டி எதிரே இருந்த பொருளை என்னவென்று எண்ணியது, அது எந்தப் பக்கம் போகும் என்று கணித்தது, மோதும் என்று எப்போது முடிவு செய்தது, எல்லாமே நொடியின் பத்தில் ஒரு பங்கு வரை பதிவாகியிருந்தது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அந்தப் பதிவைப் பிரித்து மேய்ந்து, 2019 நவம்பரில் இறுதி முடிவை அறிவித்தது.

அதற்கு முன் வீடியோ கதை ஒன்று உண்டு. விபத்து நடந்து மூன்றாம் நாள் காவல்துறை வண்டியின் முன்பக்கக் கேமராக் காட்சியை வெளியிட்டது. பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான்: கும்மிருட்டு, திடீரென்று வெளிச்சத்துக்குள் ஒரு ஆள், அவ்வளவுதான், யார் ஓட்டியிருந்தாலும் இது நடந்திருக்கும். ஊர்க் காவல்துறைத் தலைவரும் முதலில் கிட்டத்தட்ட அப்படித்தான் பேசினார். அந்த வீடியோவை வைத்துக் கணக்குப் போட்டால் கையில் இருந்த நேரம் ஒன்றரை நொடிகூடத் தேறாது. ஆனால் அந்தச் சாலையில் தெருவிளக்குகள் எரிந்தன. மலிவான கேமராவுக்கு இருட்டாகத் தெரிந்தது கண்ணுக்கு அவ்வளவு இருட்டாக இருந்திருக்காது. தவிர, வண்டியின் உச்சியில் சுழன்ற லைடாருக்கு வெளிச்சமே தேவையில்லை. அது தானே லேசர் ஒளியை வீசி, திரும்பி வருவதை வைத்துத் தூரத்தை அளக்கும். ரேடாருக்கும் வெளிச்சம் தேவையில்லை, அது ரேடியோ அலையை வீசி அளக்கும். சில மாதங்களில் அதே காவல்துறை தன் அறிக்கையில் இது முழுக்கத் தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்று எழுதியது. நடந்தது ஒன்றுதான். எந்தக் கருவியின் கடிகாரத்தை நம்புகிறோம் என்பதைப் பொறுத்து ஒன்றரை நொடி ஐந்தரை நொடி ஆகிவிட்டது.

அளவுகோல் எங்கிருந்து வந்தது

சாலைப் பாதுகாப்பை அளக்க எல்லோருக்கும் தெரிந்த வழி விபத்துகளை எண்ணுவது. இந்தச் சந்திப்பில் வருடத்துக்கு எத்தனை, அந்தச் சந்திப்பில் எத்தனை என்று. அதில் ஒரு சங்கடம் என்னவென்றால், விபத்து அபூர்வமாக நடப்பது. ஒரு சந்திப்பில் மூன்று வருடத்தில் இரண்டு விபத்து என்றால் அதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. நிறைய நடக்கட்டும், அப்புறம் எண்ணலாம் என்று காத்திருப்பதும் நியாயமில்லை.

1960களின் கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் பெர்கின்ஸ், ஹாரிஸ் என்ற இருவர் வேறு வழி பிடித்தார்கள். சந்திப்பில் ஆளை உட்கார வைத்து, மோதலை விட்டுவிட்டு, மோதாமல் தப்பியதை எண்ணச் சொன்னார்கள். சட்டென்று எரியும் பிரேக் விளக்கு, கடைசி நேரத்தில் ஒடித்துத் திருப்பும் ஸ்டியரிங், இவைதான் கணக்கு. 1972இல் பென்சில்வேனியாவில் ஹேவர்டு என்ற ஆய்வாளர் அதற்கு ஒரு எண்ணைக் கொடுத்தார். இரண்டு பேரும் இப்போது போகும் வேகத்திலேயே, இப்போது போகும் பாதையிலேயே போனால், இன்னும் எத்தனை நொடியில் மோதுவார்கள்? மோதலுக்கு மீதமுள்ள நேரம் என்று சொல்லலாம். இன்றைக்குக் கார் விளம்பரங்களில் தானாகப் பிரேக் பிடிக்கும் என்று பெருமையாகச் சொல்லும் எல்லா வசதிக்கும் அடியில் இருப்பது இந்த எண்தான், அல்லது அதன் உறவுக்காரர் யாராவது.

ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஹிடேன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் இதைத் தெருவில் நின்று செய்யும் முறையாக வளர்த்தார்கள். ஒருவர் தப்பிக்கப் பிரேக்கோ ஸ்டியரிங்கோ பிடிக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில், மோதலுக்கு எத்தனை நொடி மீதம் இருந்தது, வேகம் என்ன என்று பயிற்சி பெற்ற ஆள் கண்ணாலேயே மதிப்பிட்டுத் தாளில் குறிப்பார். முதலில் ஒன்றரை நொடிக்குக் கீழே போனால் ஆபத்து என்று ஒரே கோடு போட்டிருந்தார்கள். பிறகு வேகத்துக்குத் தகுந்தபடி கோட்டை மாற்றினார்கள். மணிக்கு 20 கி.மீ.யில் போகிறவருக்கு ஒன்றரை நொடி தாராளம், 70இல் போகிறவருக்கு அது எதற்கும் பற்றாது.

இன்னொரு அளவும் உண்டு. ஒருவர் ஓர் இடத்தைக் கடந்து போன பிறகு, மற்றவர் அதே இடத்துக்கு வர எத்தனை நொடி ஆனது என்பது. கடந்தபின் இடைவெளி. இதில் எந்த ஊகமும் இல்லை, நடந்ததை அப்படியே அளப்பது. சாலை கடக்க நிற்கும் ஒவ்வொருவரும் மனத்துக்குள் போடும் கணக்கும் இதேதான்: அந்த வண்டி வருவதற்குள் நான் போய்விடுவேனா?

மீதமுள்ள நேரத்தில் மட்டும் ஊகம் இருக்கிறது. “அப்படியே போனால்” என்ற இரண்டு சொல்தான் அந்த ஊகம். டெம்பியில் கணக்கு தடுக்கி விழுந்தது அந்த இரண்டு சொல்லில்.

நொடி நொடியாக

அந்த இடத்தை முதலில் கொஞ்சம் பார்த்துவிடலாம். வண்டி போன திசையில் இரண்டு நேர்வழி லேன்கள், இடப்பக்கம் திரும்புவதற்கு இரண்டு லேன்கள் பிரிகிற இடம். வேக வரம்பு மணிக்கு 45 மைல், அதாவது 72 கி.மீ. நடுத்திட்டில் செங்கல் பதித்த நடைவழி ஒன்று பெருக்கல் குறி வடிவத்தில் கிடந்தது. அழகுக்காகப் போட்டது, பார்ப்பவர்களுக்கோ இங்கே கடக்கலாம் என்று அழைப்பதுபோல இருக்கும். கூடவே, கடக்காதீர்கள் என்று பலகையும் வைத்திருந்தார்கள். முறைப்படி கடக்கும் இடம் கர்ரி ரோடு சிக்னலில், சுமார் 110 மீட்டர் தள்ளி. அந்தப் பெண் இடப்பக்கத்திலிருந்து வந்தார். திரும்பும் லேன்கள் இரண்டையும் தாண்டி, நேர்வழி லேன் ஒன்றையும் தாண்டி, வண்டி வந்த வலது லேனுக்குள் வந்தார். சைக்கிளின் முன் விளக்கும் பிரதிபலிப்பான்களும் வண்டி வந்த திசைக்குக் குறுக்காகத் திரும்பியிருந்தன. பக்கவாட்டில் பிரதிபலிப்பான் எதுவும் கிடையாது.

மோதுவதற்கு 5.6 நொடி முன்பு ரேடார் அவரைப் பிடித்துவிட்டது. அப்போது வண்டியின் வேகம் மணிக்கு 71 கி.மீ. ரேடாரின் பார்வையில் அது ஒரு வாகனம். 5.2 நொடியில் லைடாரும் பார்த்தது. அதன் பார்வையில் அது “வேறு ஏதோ”, நின்றுகொண்டிருப்பது. 4.2 நொடியில் வாகனம், நின்றுகொண்டிருப்பது. 3.9 நொடியில் வாகனம், இடது லேனில் நேராகப் போய்க்கொண்டிருப்பது. அடுத்து ஒரு நொடிக்கு மேல் வாகனமா, வேறு ஏதோவா என்று மாறி மாறித் தடுமாற்றம். 2.6 நொடியில் சைக்கிள், நின்றுகொண்டிருப்பது. 2.5 நொடியில் சைக்கிள், இடது லேனில் நேராகப் போவது.

இதில் ஓர் இடத்தில்கூட மனிதர் என்று வரவில்லை. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பெயர் மாறும் ஒவ்வொரு முறையும் அந்த மென்பொருள், அந்தப் பொருள் அதுவரை எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்ற பழைய தடத்தைக் கீழே போட்டுவிட்டது. வாகனமாக இருந்தபோது சேர்த்த தடம் சைக்கிள் ஆனதும் செல்லாது. புதிதாகப் பார்த்த பொருளுக்கு ஏது தடம்? ஆகவே நின்றுகொண்டிருப்பது என்று மறுபடி முதலிலிருந்து. மூன்று நொடியில் ஒருவர் நிதானமாக மூன்று நான்கு மீட்டர் குறுக்கே நடந்திருக்கிறார். வண்டியின் கணக்கேட்டிலோ அவர் நடக்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக வந்து நின்றிருக்கிறார்.

தடம் இருந்திருந்தாலும் இன்னொரு தடை காத்திருந்தது. கடக்கும் கோடு இல்லாத இடத்தில் ஒருவர் சாலையைக் கடக்கக்கூடும் என்ற சாத்தியத்தையே அந்த மென்பொருளில் யாரும் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் அது எங்கே போகக்கூடும் என்று ஒரு பட்டியல் இருக்கும். வாகனம் என்றால் லேனோடு போகும், சைக்கிள் என்றாலும் அப்படியே. “வேறு ஏதோ” என்றால் பட்டியலே கிடையாது, நிற்கும்.

சரி, இப்போது மீதமுள்ள நேரம் என்ன என்று அந்த வண்டியைக் கேட்டிருந்தால்? மோதலே இல்லை என்று சொல்லியிருக்கும். எதிரே இருப்பது பக்கத்து லேனில் நிற்கிறது, அல்லது பக்கத்து லேனோடு நேராகப் போகிறது. என் பாதைக்கு வரப்போவதில்லை. ஆகவே மீதமுள்ள நேரம் முடிவிலி. வகுத்தலிலும் பெருக்கலிலும் பிழை கிடையாது. கருவி நன்றாக வேலை செய்தது, தூரத்தை நன்றாக அளந்தது, “அப்படியே போனால்” என்ற ஊகம்தான் நடந்ததோடு ஒத்துப்போகவில்லை.

1.5 நொடியில் பெயர் மறுபடி மாறுகிறது. அடையாளம் தெரியாத பொருள், நிற்கிறது, ஆனால் இப்போது வண்டியின் பாதைக்குள் பாதி வந்துவிட்டது. சரி, வலப்பக்கம் ஒதுங்கிப் போய்விடலாம் என்று வண்டி திட்டம் போட்டது. 1.2 நொடியில் சைக்கிள், முழுக்கப் பாதைக்குள். ஒதுங்க இடமில்லை. முதல்முறையாக, ஆபத்து என்ற முடிவு.

ஒரு கால்குலேட்டர் கணக்கு

வாரியத்தின் நொடிப் பட்டியலைத் தாளில் எழுதி, ஒவ்வொரு கணத்திலும் எவ்வளவு பிரேக் பிடித்தால் வண்டி மோதாமல் நின்றிருக்கும் என்று நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூட இயற்பியல்தான். வேகத்தின் வர்க்கத்தை இருமடங்கு தூரத்தால் வகுக்க வேண்டும். இத்துறையில் இதுவும் ஓர் அங்கீகரிக்கப்பட்ட அளவுதான்: மோதலைத் தவிர்க்கத் தேவைப்படும் வேகத் தணிப்பு. மீதமுள்ள நேரத்தைவிட எனக்கு இது பிடிக்கும். நொடி என்று சொன்னால் அது கூடுதலா குறைவா என்று உடனே உறைக்காது. பிரேக்கை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று சொன்னால் வண்டி ஓட்டும் எவருடைய காலுக்கும் அது புரியும்.

5.6 நொடியில் வண்டிக்கும் மோதிய இடத்துக்கும் நடுவே ஏறக்குறைய 110 மீட்டர். நிற்பதற்கு ஒவ்வொரு நொடியும் வேகம் மணிக்கு ஆறரை கி.மீ. குறைந்தால் போதும். சிவப்பு விளக்கைத் தூரத்திலேயே பார்த்துவிட்டவர் பிடிக்கும் பிரேக் இது. பின்சீட்டில் தூங்குபவர் விழிக்க மாட்டார். 2.5 நொடியில் தூரம் 48 மீட்டர், தேவை நொடிக்கு 15 கி.மீ. குறைவது. இது நல்ல அழுத்தமான பிரேக், கைப்பை சீட்டிலிருந்து நழுவும். 1.5 நொடியில் 28 மீட்டர், தேவை ஏறக்குறைய 25. டயர் கத்தும். 1.2 நொடியில் 22 மீட்டர், தேவை 29. 0.2 நொடியில் மூன்றரை மீட்டர் சொச்சம், தேவை 160ஐத் தாண்டுகிறது. அப்படிப் பிடிக்கிற பிரேக் எந்த வண்டியிலும் இல்லை.

இந்த எண்களோடு வண்டியின் சொந்த வரம்பை ஒப்பிடும்போதுதான் கதை துலங்குகிறது. அந்த அமைப்பு தானாகப் பிடிக்கக்கூடிய பிரேக்குக்கு ஒரு மேல்வரம்பு இருந்தது: நொடிக்கு நொடி 7 மீட்டர், நம் கணக்கில் சுமார் 25 கி.மீ. அதோடு பிரேக்கை எவ்வளவு சீக்கிரம் இறுக்கலாம் என்பதற்கும் வரம்பு. அந்த வரம்புப்படி போனால் முழுப் பிரேக்கை எட்டவே 1.4 நொடி பிடிக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 72 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க அதற்குச் சுமார் 42 மீட்டர் தேவை. 2.5 நொடியில் கையில் இருந்தது 48. ஆக, சைக்கிள், இடது லேனில் நேராகப் போகிறது என்று அது முடிவு செய்த அந்தக் கணத்தில், தன் சட்டதிட்டம் எதையும் மீறாமலே நின்றிருக்க முடியும், ஆறு மீட்டர் மிச்சம் வைத்து. அடுத்த அரை நொடிக்குள் அந்த வாய்ப்பு போய்விட்டது.

முழுக்க நிற்கவும் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பெண் இடமிருந்து வலமாக நடந்தார், மோதியதோ வண்டியின் வலது முனை. இன்னும் ஒரு நொடி, அதிகம் போனால் ஒன்றரை, கிடைத்திருந்தால் அநேகமாக வண்டியின் பாதையை விட்டு வெளியே போயிருப்பார். வண்டி ஒரு நொடி தாமதமாக வருவதற்கு, 5.2 நொடியில் தொடங்கியிருந்தால், நொடிக்கு 4 கி.மீ. வேகம் குறைந்தால் போதும். கிட்டத்தட்ட ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துப் பிரேக்கை லேசாகத் தொடுவது. இது என்ன என்று எனக்குத் தெரியவில்லை, எதற்கும் கொஞ்சம் மெதுவாகப் போவோம் என்று எந்தச் சாதாரண ஓட்டுநரும் செய்வது. அந்தச் சந்தேகத்துக்கு அந்தக் கணக்கில் இடமே வைக்கவில்லை. மோதும் அல்லது மோதாது, இரண்டே பதில்.

ஒரு நொடி சும்மா இருந்தது

1.2 நொடியில் ஆபத்து என்று முடிவான பிறகு நடந்ததை முதலில் படித்தபோது நான் தவறாகப் புரிந்துகொண்டேன் என்றுதான் நினைத்தேன். வண்டி பிரேக் பிடிக்கவில்லை. ஒரு நொடி காத்திருந்தது. வேண்டுமென்றே அப்படி அமைத்திருந்தார்கள். ஆபத்து என்று தோன்றினால், அது பொய் எச்சரிக்கையாக இருக்கலாம், ஒரு நொடி பொறுத்து உறுதி செய்துகொள், அதற்குள் இருக்கையில் இருப்பவர் பார்த்துக்கொள்வார் என்பது ஏற்பாடு. அந்த நொடி முடிந்தபோது மீதம் 0.2. வரம்புக்குட்பட்ட பிரேக்கால் மோதலைத் தவிர்க்க முடியாது என்றால் முழுப் பிரேக் பிடிக்காதே, ஓட்டுநருக்கு ஒலி எழுப்பிவிட்டு மெதுவாக வேகத்தைக் குறை என்பது அடுத்த விதி. ஒலி எழும்பியது. வேகம் குறையத் தொடங்கியது. மோதியபோது 63 கி.மீ.

அந்த 1.2 நொடியிலேயே யோசிக்காமல் முழுப் பிரேக் விழுந்திருந்தால்? மோதியிருக்கும், ஆனால் என் கணக்குப்படி சுமார் 25 கி.மீ. வேகத்தில். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு போகிறது. ஆறில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். அரை நொடி தாமதமாகவும் வந்திருக்கும், அதற்குள் அவர் இன்னொரு அடி எடுத்து வைத்திருப்பார். தவிர்க்க முடியாது என்றால் முயலாதே என்ற விதி எனக்கு இன்னும் செரிக்கவில்லை. மோதுமா மோதாதா என்பது மட்டுமே ஆபத்தின் அளவு என்று யாரோ எங்கோ முடிவு செய்தபோது, எந்த வேகத்தில் மோதும் என்ற பாதி அளவு விழுந்துபோயிருக்கிறது. ஸ்வீடன்காரர்கள் தெருவோரம் பேனாவோடு நின்று நேரத்தையும் வேகத்தையும் சேர்த்தே குறித்தது இதற்காகத்தான்.

வால்வோ தன் வண்டியில் தானே வைத்திருந்த அவசரப் பிரேக் வசதி வேறு இருந்தது. கம்ப்யூட்டர் ஓட்டும்போது அது அணைக்கப்பட்டிருந்தது. இரண்டு அமைப்புகளின் ரேடார்களும் ஒன்றுக்கொன்று குழப்பிக்கொள்ளும் என்பது ஒரு காரணம். பிறகு வால்வோ அந்த வசதி இயங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று 20 விதமாகப் பாவனை ஓட்டம் நடத்திப் பார்த்தது. 17இல் மோதலே இல்லை. மீதி 3இல் மோதல் வேகம் மணிக்கு 10 மைலுக்கும் கீழே. கடையில் வாங்கும் வண்டியில் சாதாரணமாக வரும் வசதி.

37 பழைய சம்பவங்கள்

2016 செப்டம்பர் முதல் இந்த விபத்து வரை, கம்ப்யூட்டர் ஓட்டிக்கொண்டிருந்த நிலையில் ஊபரின் சோதனை வண்டிகள் சம்பந்தப்பட்ட 37 சிறு பெரு சம்பவங்கள் பதிவாகியிருந்தன. அதில் 33 சம்பவங்களில் வேறு வண்டி வந்து இவர்களுடைய வண்டியில் மோதியிருக்கிறது. அந்த 33இல் 25 பின்பக்க இடி. இவர்கள் போய் மோதியது இரண்டே முறை: ஒருமுறை லேனுக்குள் சாய்ந்து கிடந்த ஒரு கம்பம், ஒருமுறை நிறுத்தியிருந்த கார்.

இந்த எண்ணைப் பார்த்து ஒரு நிர்வாகி நிம்மதியாகத் தூங்கியிருந்தால் குற்றம் சொல்ல முடியாது. தவறு பெரும்பாலும் மற்றவர்களுடையது என்று தெரிகிறதே. பின்பக்க இடி அதிகம் என்றால் நம் வண்டி எதிர்பாராமல் பிரேக் பிடிக்கிறதோ என்ற சந்தேகம் வரும். தேவையில்லாத பிரேக்கைக் குறைப்பது நல்ல காரியமாகவே தோன்றும். ஒரு நொடிப் பொறுமை வந்ததற்குப் பொய் எச்சரிக்கைப் பயம்தான் காரணம் என்று வாரியம் எழுதியிருக்கிறது. அந்த 25 இடிகளையும் இதையும் முடிச்சுப் போடுவது என் ஊகம் மட்டுமே.

எண்ணப்படாதது எது என்று யோசித்துப் பாருங்கள். அதே பெண் அதே இரவு இரண்டு நொடி முன்னதாகக் கடந்திருந்தால் வண்டி அவருடைய முதுகுக்குப் பின்னால் 70 கி.மீ. வேகத்தில் பறந்திருக்கும். பிரேக் இல்லை, ஒலி இல்லை, ஓட்டுநர் கைப்பற்றியதாகப் பதிவும் இல்லை. வண்டியின் ஏட்டில் அது பிசகே இல்லாத பயணம். கலிஃபோர்னியாவில் மனிதர் கைப்பற்ற நேர்ந்த தருணங்களையாவது வருடாவருடம் கணக்குக் காட்டச் சொல்வார்கள். அரிசோனாவில் அந்தக் கட்டாயமும் இல்லை. தப்பிக்க யாராவது ஏதாவது செய்தால்தான் பழைய முறைகள் ஒரு சம்பவத்தை எண்ணும். யாரும் எதையும் கவனிக்காத இடத்தில் அவற்றுக்கு எண்ண ஒன்றும் இருக்காது. கடந்தபின் இடைவெளி என்ற அந்தச் சாதுவான அளவு மட்டும் இதைப் பிடித்திருக்கும், யாராவது அதை எடுத்துப் பார்த்திருந்தால்.

இருக்கையில் இருந்தவர்

ஓட்டுநர் இருக்கையில் இருந்தவரின் கண் எங்கே இருந்தது என்பதும் உள்ளே இருந்த கேமராவில் பதிவாகியிருந்தது. வண்டி ஓடிய நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சாலையைப் பார்க்கவில்லை. செல்போனில் ஒரு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. மோதுவதற்கு ஏறக்குறைய 6 நொடி முன்பு குனிந்தவர், ஒரு நொடி மிச்சம் இருக்கும்போது நிமிர்ந்தார். 0.02 நொடியில் ஸ்டியரிங்கைப் பிடித்தார். பிரேக்கை மிதித்தது மோதிய பிறகு. ரேடார் முதலில் பார்த்த கணத்துக்குச் சற்றே முன் அவர் குனிந்திருக்கிறார் என்பதைக் கவனித்தால் மனசு என்னவோ செய்கிறது.

அதே சுற்றுப் பாதையில் அவர் எத்தனையோ முறை போய் வந்தவர். எதுவும் நடக்காத பாதையை மணிக்கணக்கில் உற்றுப் பார்த்துக்கொண்டே இரு என்று ஒருவரிடம் சொல்வது என்ன வேலை என்று இரவுக் காவலர்களைக் கேட்டால் தெரியும். முதலில் வண்டிக்கு இரண்டு பேர் இருந்தார்கள். 2017இன் பிற்பகுதியில் ஒருவராகக் குறைத்தார்கள். செல்போனில் மூழ்கி ஓட்டுநர் சாலையைக் கவனிக்காததை முதன்மைக் காரணம் என்று வாரியம் சொன்னது. நிறுவனத்தின் பலவீனமான ஆபத்து மதிப்பீடும் கண்காணிப்பும், கடக்கும் கோட்டுக்கு வெளியே கடந்தது, மாநிலத்தின் போதாத மேற்பார்வை ஆகியவற்றைத் துணைக் காரணங்களாகச் சேர்த்தது. நிறுவனத்தின் மீது குற்ற வழக்கு இல்லை என்று 2019இல் முடிவானது. ஓட்டுநர் 2023இல் ஆபத்து விளைவித்த குற்றத்தை ஒப்புக்கொண்டார், மூன்று வருடக் கண்காணிப்புத் தண்டனை.

முப்பது சென்டிமீட்டர்

விபத்துக்கு இரண்டு வருடம் கழித்து, 2020இல், ஐரோப்பாவை மையமாகக் கொண்ட ஐ.நா. வாகன விதிமுறை 157 வந்தது. லேனைத் தானே பிடித்துப் போகும் கார்களுக்கானது. பக்கத்து லேனிலிருந்து ஒரு வண்டி குறுக்கே நுழைந்தால் உங்கள் கார் எப்போது மோதலைத் தவிர்த்தே ஆக வேண்டும் என்பதற்கு அதில் ஒரு சூத்திரம் இருக்கிறது. இரண்டு வண்டிகளின் வேக வித்தியாசத்தை 12ஆல் வகுத்து 0.35 நொடியைக் கூட்டு. வித்தியாசம் மணிக்கு 36 கி.மீ., அதாவது நொடிக்கு 10 மீட்டர் என்றால் 1.18 நொடி. மீதமுள்ள நேரம் அதற்கு மேல் இருந்தும் மோதினால் உங்கள் கார் தேறவில்லை.

12 எங்கிருந்து வந்தது என்றால், கார் நொடிக்கு நொடி 6 மீட்டர் பிரேக் பிடிக்கும் என்ற அனுமானம், அதன் இருமடங்கு. 0.35 நொடி, தாமதத்துக்கு. அந்த 1.18 நொடியை எந்தக் கணத்திலிருந்து எண்ணுவது? நுழையும் வண்டியின் முன்சக்கர வெளிவிளிம்பு லேன் கோட்டைத் தாண்டி 30 சென்டிமீட்டர் வந்த கணத்திலிருந்து. கோட்டைத் தொட்டதும் அல்ல, இண்டிகேட்டர் போட்டதும் அல்ல. டெம்பியில் எழுதப்படாமல் மென்பொருளுக்குள் புதைந்து கிடந்த கேள்விக்கு இங்கே அடி ஸ்கேல் நீளத்தில் பதில் எழுதி, எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். 30 சரியா 20 சரியா என்று சண்டை போடலாம். சண்டை போட ஒரு எண் வெளியே இருக்கிறது என்பதே என் கணக்கில் முன்னேற்றம்தான்.

ஊபரும் மாற்றியது. ஒரு நொடிக் காத்திருப்பை எடுத்துவிட்டது. வால்வோவின் பிரேக் வசதியைக் கம்ப்யூட்டர் ஓட்டும்போதும் இயங்கவிட்டது. வண்டிக்கு மறுபடி இரண்டு பேர். பொருளின் பெயர் மாறினாலும் பழைய தடம் அழியாது. கோடு இல்லாத இடத்திலும் மனிதர் கடக்கலாம் என்று பட்டியலில் சேர்த்தார்கள். 2020 டிசம்பரில் அந்தத் தானோட்டிப் பிரிவையே வேறு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள்.

விற்பதற்கு முன், திருத்திய மென்பொருளுக்கு மார்ச் 18 இரவின் தரவையே கொடுத்து ஓட்டிப் பார்த்தார்கள். அதே சாலை, அதே லைடார் புள்ளிகள், தெரு விளக்கில் எந்த மாற்றமும் இல்லை. 88 மீட்டர் தூரத்தில், மோதுவதற்கு 4.5 நொடி முன்பு, அந்தத் திரையில் முதல்முறையாக அவர் மனிதர் என்று பதிவானார். 4 நொடிக்கும் மேல் மீதம் இருக்கும்போது வண்டி பிரேக் பிடிக்கத் தொடங்கியது. அங்கிருந்து நிற்பதற்குத் தேவைப்பட்டது, என் தாளின்படி, நொடிக்கு ஒன்பது கி.மீ. வேகக் குறைவு.